துருக்கியும் துருக்மேனும் ஒரே மொழியா? நெருக்கத்தைக் கணிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

துருக்கி மொழி கொஞ்சம் தெரிந்தவர், துருக்மெனிஸ்தானின் மொழியான துருக்மேனில் ஒருவர் ஒன்று, இரண்டு எண்ணுவதைக் கேட்டால் அசந்துபோவார். பிர், இகி, உச், தோர்த் என்று பெரும்பாலும் அதே சொற்கள்தான். உடனே, "அட, இது துருக்கியின் வட்டார வழக்கு" என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். இதுதான் எல்லாரும் செய்கிற முதல் தவறு.

இரண்டும் துருக்கிய மொழிக் குடும்பத்தின் ஒகூஸ் கிளையைச் சேர்ந்தவை. ஆனால் ஒன்றிலிருந்து மற்றது பிறக்கவில்லை. அந்தக் கிளைக்குள்ளும் துருக்கியும் அசர்பைஜானியும் மேற்குப் பக்கம், துருக்மேன் கிழக்குப் பக்கம். துருக்கிக்கு மிக நெருங்கிய பெரிய மொழி எது என்றால், அது அசர்பைஜானிதான்.

துருக்மேன் தனியாக வளர்ந்தது என்பதற்கு உயிரொலிகளே சாட்சி. 'அத்' என்று குறுக்கிச் சொன்னால் குதிரை, 'ஆத்' என்று நீட்டினால் பெயர். துருக்கி தன் சொந்தச் சொற்களில் இந்தப் பழைய நெடிலை இழந்துவிட்டது; துருக்மேன் இன்றுவரை காப்பாற்றி வைத்திருக்கிறது. ஆனால் துருக்மேன் எழுத்தில் இந்த இரண்டு சொற்களும் ஒன்றுபோலவே இருக்கும். குறில் நெடில் பார்த்துப் பழகிய நம் காதுக்கு இது சட்டென்று பிடிபடும்.

எழுத்தைப் பார்த்து முடிவெடுப்பதும் தவறு. துருக்கி 1928-இல் லத்தீன் எழுத்துக்கு மாறியது. துருக்மேன் அரபு எழுத்திலிருந்து லத்தீனுக்கும், 1940-இல் ரஷ்ய மொழி எழுதப்படும் சிரிலிக் எழுத்துக்கும் போய், சோவியத் ஒன்றியம் கலைந்தபின் 1993-இல் மறுபடி லத்தீனுக்கு வந்தது. இப்போது இரண்டும் லத்தீன்தான், எழுத்துகளின் வேலைதான் வேறு. துருக்கியில் 'ய்' ஒலிக்கு உள்ள ஒய் (y) எழுத்து, துருக்மேனில் ஓர் உயிரொலி. அதனால் 'ஆண்டு' என்பதற்கான சொல் தாளில் வேறாகத் தெரியும், காதில் ஏறத்தாழ ஒன்றுதான். எட்டு என்ற எண் இதற்கு நேர்மாறு. இரண்டிலும் ஒரே எழுத்துகள். துருக்கிக்காரர் 'செகிஸ்' என்பார், துருக்மேன்காரரோ நாக்கு நுனியைப் பல்லிடுக்கில் வைத்து, ஆங்கிலேயர் 'தேங்க்ஸ்' சொல்லத் தொடங்கும் ஒலியோடு ஆரம்பிப்பார்.

நிஜமான சங்கடம் தருவது, ஒன்றுபோல் இருந்து பொருள் மாறுகிற சொற்கள். 'துஷுன்மெக்' என்றால் துருக்கியில் யோசிப்பது, துருக்மேனில் புரிந்துகொள்வது. வேலைக்காக இஸ்தான்புல் வரும் துருக்மேன்காரர்கள் நிறையப் பேர். அவர்களில் ஒருவர் முதலாளியிடம் 'துஷுன்மெதிம்' என்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். "நீங்கள் சொன்னது புரியவில்லை" என்கிறார் இவர். "நான் யோசிக்கவில்லை" என்று கேட்கிறது அவருக்கு. முற்றிலும் தெரியாத சொல்லாக இருந்தால் திரும்பக் கேட்டிருப்பார். தெரிந்த சொல் என்பதால் கேட்கமாட்டார், அதுதான் ஆபத்து.

சொல்வளம் பிரிந்ததற்கு அரசியலும் காரணம். 1932-இல் தொடங்கிய துருக்கியின் மொழிக் கழகம் அரபு, பாரசீகச் சொற்களைக் களையெடுத்தது. பள்ளிக்கு 'ஒகுல்' வந்தது அப்படித்தான். துருக்மேனில் அது இன்னமும் 'மெக்தெப்'. கூடவே ரஷ்யச் சொற்களும் சேர்ந்துகொண்டன.

அப்புறம், "இத்தனை சதவீதம் புரியும்" என்று ஒற்றை எண்ணைக் கேட்டால் நம்பாதீர்கள். துருக்கித் தொலைக்காட்சித் தொடர்களைப் பார்த்து வளர்ந்த, துருக்மெனிஸ்தான் தலைநகரான அஷ்காபாத்தின் ஆளுக்குத் துருக்கி நன்றாகவே புரியும். துருக்மேனைக் காதாலேயே கேட்டிராத அங்காராக்காரருக்கு எதிர்த்திசை அவ்வளவு சுலபமில்லை.

கடைசியாக, பெயரை வைத்து ஏமாறாதீர்கள். ஈராக்கின் கிர்குக் பகுதியில் வாழ்பவர்களும் துருக்மேன்கள் என்றே அழைக்கப்படுகிறார்கள், ஆனால் அவர்கள் பேச்சு அசர்பைஜானிக்கும் துருக்கிக்கும் நெருக்கமானது. துருக்மெனிஸ்தானின் மொழியை அந்நாட்டுக்கு வெளியே கேட்க வேண்டுமானால், ஈரானின் வடகிழக்கில் கொன்பத் காவூஸ் பக்கமோ வட ஆப்கானிஸ்தானுக்கோ போக வேண்டும்.