தண்ணீர் டிரம்முக்கு ஒரு மூடி ப்ளீச் போதுமா?

லிஃப்ட் பக்கத்தில் நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள், மொட்டைமாடித் தொட்டியைக் கழுவப் போகிறார்களாம். சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்கில் அந்த வேலை நகர மன்றத்தின் பொறுப்பு. நம் பொறுப்பில் இருப்பது அடுக்களையில் குழாய் வைத்த 20 லிட்டர் டிரம். அதைக் கடைசியாக எப்போது கழுவினோம்?

குழாய்த் தண்ணீர் கிருமிநாசினி கலந்தேதான் வீட்டுக்கு வருகிறது. ஆனால் நாள்கணக்கில் தேங்கிக் கிடந்தால் அந்த வீரியம் குறைந்துவிடும். டிரம்மின் உள்பக்கத்தில் விரலை ஓட்டிப் பாருங்கள். வழவழவென்று இருந்தால் கழுவ நேரம் வந்துவிட்டது.

முதலில் தண்ணீரை முழுக்க வடித்துவிட்டு, பாத்திரம் கழுவும் சோப்பும் மெத்தென்ற பிரஷும் எடுத்து நன்றாகத் தேயுங்கள். இதில்தான் பலர் சோம்பல் படுகிறோம். முதல் தடவை நான் தேய்க்காமலே ப்ளீச்சைக் கண்ணளவாக ஊற்றினேன். இரண்டு நாள் டீயில் நீச்சல்குள வாசம், வழவழப்பு மட்டும் அப்படியே இருந்தது. அழுக்கு இருந்தால் ப்ளீச்சில் உள்ள குளோரின் அதோடு மல்லுக்கட்டியே தீர்ந்துபோகும், கிருமிக்கு மிஞ்சாது. இன்னொன்று, டெங்கி பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடுவது தண்ணீர் விளிம்பை ஒட்டிய சுவரில். தண்ணீரைக் கொட்டினாலும் முட்டை ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் காய்ந்தே கிடக்கும். தேய்த்தால்தான் போகும்.

டிரம்மின் குழாயைத் திருகிக் கழற்றுங்கள். வாஷருக்குப் பின்னால் கறுப்பாக ஒட்டியிருப்பதைப் பார்த்தால் அன்றைக்குச் சாப்பாடு இறங்காது! பழைய டூத்பிரஷ் அதற்கென்றே பிறந்தது. சோப்பு போகும்வரை எல்லாவற்றையும் அலசி, குழாயைத் திரும்ப மாட்டுங்கள்.

இனி ப்ளீச். வாசனையோ நிறமோ சேர்க்காத சாதா ப்ளீச்சாக இருக்க வேண்டும். எலுமிச்சை வாசம் வீசுகிற ரகம் தரைக்கு. 1 லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி, அதாவது ஒரு டீஸ்பூன். மூடியால் அளக்காதீர்கள், பாட்டிலுக்குப் பாட்டில் மூடி மாறும். கலவையை டிரம்மில் ஊற்றி, மூடி, உள்பக்கம் முழுதும் நனையும்படி சுழற்றுங்கள். அரை நிமிடமாவது ஈரம் படிந்திருக்க வேண்டும். நான் இரண்டு நிமிடம் விடுவேன். பிறகு கலவையைக் குழாய் வழியாகவே வெளியேற்றுங்கள், குழாயின் உள்பக்கமும் சுத்தமாகும். நல்ல தண்ணீரில் அலசி, காற்றில் உலரவிடுங்கள்.

ஜன்னல் திறந்திருக்கட்டும், கையுறை போடுங்கள். வினிகரையோ டாய்லெட் கிளீனரையோ ப்ளீச்சோடு சேர்க்கவே கூடாது, நச்சுவாயு கிளம்பும்.

ஊரில் இருக்கும் 500 லிட்டர் பிளாஸ்டிக் தொட்டியைச் சுழற்ற முடியாதே? தேய்த்துக் கழுவியபின் தண்ணீர் நிரப்பி, 5 சதவீத ப்ளீச்சாக இருந்தால் லிட்டருக்கு 1 மில்லி கணக்கில் அரை லிட்டர் ஊற்றிக் கலக்கி, ஒரு நாள் முழுக்க விடச் சொல்லுங்கள். அந்தத் தண்ணீரை யாரும் குடிக்கக் கூடாது. அதை வடித்து, அலசி, பிறகுதான் புதுத் தண்ணீர்.

அம்மா கொடுத்தனுப்பிய செப்புக் குடத்தை மட்டும் ப்ளீச் பக்கமே கொண்டுபோகாதீர்கள், செம்பை அரித்துவிடும். அதற்குத் தேக்கா சந்தையில் வாங்கிய புளியும் கொஞ்சம் உப்பும்தான்.