கரும்பின் மஞ்சள் இலை வைரஸ்: ஆர்டி-பிசிஆர் சோதனை செய்வது எப்படி?

தோகையின் நடுநரம்பு கீழ்ப்புறத்தில் மஞ்சளாகி, இலைப்பரப்பு பச்சையாகவே நின்றால் மஞ்சள் இலை நோயைச் சந்தேகிக்கலாம். சந்தேகம் மட்டும்தான். வறட்சியும் சத்துக் குறைபாடும் இதே நிறத்தைக் காட்டும். வைரஸ் ஏறியும் அறிகுறி காட்டாத பயிரும் உண்டு. அசுவினியோடு விதைக்கரணை வழியாகவும் பரவும் நோய் என்பதால், நாற்றங்காலுக்குக் கரணை வெட்டுமுன் ஆர்டி-பிசிஆரில், அதாவது வைரஸின் ஆர்என்ஏவை டிஎன்ஏவாகப் படியெடுத்துப் பெருக்கிப் பார்க்கும் முறையில், சோதிப்பதே சரி.

மாதிரி எடுப்பதில்தான் பாதி வேலை. உச்சியிலிருந்து பார்த்தால் கழுத்துப் பட்டை தெளிவாகத் தெரியும் முதல் இலையை எடுங்கள். இந்த வைரஸ் சல்லடைக்குழாய்த் திசுவை விட்டு வெளியே வராது. ஆகவே இலைப்பரப்பைக் கிழித்துவிட்டு நடுநரம்பை மட்டும் பனிக்கட்டியில் வைத்துக் கொண்டுவாருங்கள்.

100 மி.கி. நடுநரம்பைத் திரவ நைட்ரஜனில் மாவாக அரைத்து, 1 மி.லி. டிரைசால் (ஆர்என்ஏவைப் பிரித்தெடுக்கும் கரைசல்) சேர்த்து 5 நிமிடம் வையுங்கள். 0.2 மி.லி. குளோரோஃபார்ம் விட்டுக் குலுக்கி, 4 டிகிரியில் 12,000 ஜி விசையில் 15 நிமிடம் சுழற்றுங்கள். மேலே நிற்கும் தெளிந்த நீரை மட்டும், அடியில் கொஞ்சம் விட்டுவைத்து, உறிஞ்சுங்கள். கரும்பாயிற்றே, சர்க்கரைப் பொருள்களும் கூடவே வரும். ஆர்என்ஏவின் தூய்மையைக் காட்டும் 260/230 ஒளி உறிஞ்சல் விகிதம் சரிந்துவிடும். அதனால் 0.5 மி.லி. ஐசோபுரோப்பனாலுக்குப் பதில், 0.25 மி.லி. ஐசோபுரோப்பனாலும் 0.25 மி.லி. உப்புக் கரைசலும் (0.8 மோலார் சோடியம் சிட்ரேட், 1.2 மோலார் சோடியம் குளோரைடு) சேர்த்து ஆர்என்ஏவை வீழ்படிவாக்குங்கள். பிறகு 75% எத்தனாலில் கழுவி உலர்த்துங்கள்.

அடுத்தது சிடிஎன்ஏ, அதாவது ஆர்என்ஏவைப் பார்த்துப் படியெடுக்கும் டிஎன்ஏ. புதியவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். கிட்டில் ஒலிகோ-டிடி (ஆர்என்ஏ முனையின் பாலி-ஏ வாலில் ஒட்டிப் படியெடுப்பைத் தொடங்கும் பிரைமர்) இருக்கிறதே என்று அதைப் போட்டுவிடுவார்கள். போலிரோவைரஸ் பேரினத்தைச் சேர்ந்த இதன் ஆர்என்ஏவில் பாலி-ஏ வால் கிடையாது. ஒலிகோ-டிடி ஒட்ட இடமே இல்லை. 1 மைக்ரோகிராம் ஆர்என்ஏவுடன் ரேண்டம் ஹெக்சாமர் (ஆர்என்ஏவில் எங்கும் ஒட்டக்கூடிய ஆறு கார பிரைமர்) போடுங்கள்.

பிசிஆர் கலவை 25 மைக்ரோலிட்டர்: இருமடங்கு மாஸ்டர் மிக்ஸ் 12.5, ஒய்எல்எஸ் 111, ஒய்எல்எஸ் 462 பிரைமர்கள் (10 மைக்ரோமோலார்) தலா 1, சிடிஎன்ஏ 2, நீர் 8.5. முதலில் 94 டிகிரியில் 5 நிமிடம். பின் 94-ல் 30 நொடி, 60-ல் 30 நொடி, 72-ல் 45 நொடி என 35 சுற்று. கடைசியில் 72-ல் 7 நிமிடம். 1.5% அகரோஸ் ஜெல்லில் சுமார் 351 கார இணை அளவில் பட்டை தெரிந்தால் வைரஸ் இருக்கிறது.

நோயுள்ள மாதிரி, நுனித்திசு வளர்ப்பில் வந்து சோதித்துத் தேறிய நாற்று, வெறும் நீர் மூன்றையும் கூடவே ஓட்டுங்கள். நீரில் பட்டை வந்தால் மாசு. அந்த ஓட்டத்தையே தள்ளிவிடுங்கள். பட்டை வராத மாதிரியில் கரும்பின் சொந்த மரபணு ஒன்றையும் பெருக்கிப் பாருங்கள். அதுவும் வராவிட்டால் ஆர்என்ஏ கெட்டிருக்கிறது, பயிர் சுத்தம் என்று எழுதாதீர்கள்.

எந்த மரபுவகை என்று அறிய இந்தத் துண்டு போதாது. இது உறைப்புரதப் பகுதி; வகைக்கு வகை அதிகம் மாறாது. மரபணுத்தொகையின் நீளம் சுமார் 5,900 காரங்கள். அதில் ஆர்என்ஏ பாலிமரேஸ் பகுதியையும் பெருக்கி, இரு திசையிலும் வரிசைப்படுத்தி, பிரேசில்-பெரு, கியூபா, ரீயூனியன், இந்தியா வகைகளின் வரிசைகளோடு மெகா மென்பொருளில் மரபுவழி உறவைக் காட்டும் மரம் வரையுங்கள். கிளைகள் எவ்வளவு நம்பத்தக்கவை என்று காட்டும் பூட்ஸ்ட்ராப் மறுசோதனையை 1,000 முறை வையுங்கள். இரு பகுதிகளின் மரங்களும் ஒத்துப்போகாவிட்டால் உடனே ஆய்வகத்தைக் குறைசொல்ல வேண்டாம், இந்த வைரஸில் மறுசேர்க்கை (வகைகளுக்கிடையே மரபணுத் துண்டுகள் மாறிச் சேர்வது) சகஜம். வரிசைப்படுத்தலில் வரும் சிகர வரைபடத்தில் ஒரே இடத்தில் இரட்டைச் சிகரங்கள் தெரிந்தால் வகைகள் கலந்திருக்கலாம். துண்டைக் குளோன் செய்து, பல காலனிகளைத் தனித்தனியே வரிசைப்படுத்துங்கள்.