போராட்டத்தைக் கலையாக்கும்போது சறுக்கும் இடங்கள்

கிழிந்த பதாகை, கருகிய டயர்த் துண்டு, நாலு செய்தித்தாள் கட்டிங் எல்லாவற்றையும் பிளைவுட்டில் ஒட்டி, மேலே சிவப்புப் பெயின்டில் ‘நீதி வேண்டும்’ என்று எழுதிவிடுவது சுலபம். இப்படிப் பல பொருள்களைச் சேர்த்துச் செய்யும் கலப்பு ஊடகக் கலையில் போராட்டத்தைச் சொல்ல வருகிறவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். அந்த எழுத்தைக் கையால் மறைத்துப் பாருங்கள். எந்த ஊர், எந்தப் போராட்டம் என்று பலகை சொல்லாவிட்டால், பொருள்கள் அங்கே சும்மாதான் இருக்கின்றன.

1965 ஆகஸ்டில் லாஸ் ஏஞ்சலிஸின் வாட்ஸ் பகுதியில் கறுப்பின மக்களின் கிளர்ச்சி வெடித்தது. 34 பேர் இறந்தார்கள். அங்கேயே ஒரு கலை மையத்தை நடத்திவந்த நோவா பியூரிஃபாய், நண்பர் ஜட்சன் பவலுடன் சேர்ந்து தெருவிலிருந்து சுமார் 3 டன் இடிபாடுகளைச் சேகரித்தார். எரிந்த மரம், நெளிந்த தகரம், கடைப் பலகைகளிலிருந்து உருகி உறைந்த நியான் விளக்குகளின் மிச்சம். பிற கலைஞர்களும் சேர, 1966இல் ‘66 சைன்ஸ் ஆஃப் நியான்’ கண்காட்சி வாட்ஸிலேயே ஒரு பள்ளியில் தொடங்கியது. அந்தக் கரிக்கு முழக்கம் தேவைப்படவில்லை. அதனால், கடையில் வாங்கிய மரத்தை ஸ்டவ்வில் கருக்கி ‘போராட்டச் சாம்பல்’ என்று காட்டாதீர்கள். அது நாடக செட்.

அடுத்தது, கைக்கு வந்ததை எல்லாம் ஒட்டுவது. சிலியில் 1973 ராணுவப் புரட்சிக்குப் பிறகு பெண்கள் சாக்குத்துணியில் ஒட்டுத்துணி வைத்துத் தைத்த ‘அர்பிய்யேரா’க்களில் துணியும் நூலும்தான் பிரதானம். ராணுவ ஆட்சியில் காணாமற்போனவர்களின் உடையிலிருந்து வெட்டிய துண்டுகளும் சிலவற்றில் இருந்தன. ஆனால் அந்தத் துணியைத் தைத்தது அவர்களுடைய வீட்டுப் பெண்கள். அடுத்த வீட்டுத் துக்கத்தின் சட்டையை நாம் எடுக்க வேண்டுமானால், முதலில் அந்த வீட்டாரைக் கேட்க வேண்டும். இதில் எனக்கு இரண்டாம் கருத்தே கிடையாது.

போட்டோ எடுத்துவைக்காமல் விடுவதும் தவறுதான். லண்டன் நாடாளுமன்றச் சதுக்கத்தில் பிரையன் ஹா வைத்திருந்த போர் எதிர்ப்புப் பதாகைகளில் பெரும்பகுதியை 2006 மே மாதம் போலீஸ் அள்ளிச் சென்றது. அதற்கு முன்பே அவற்றை விரிவாகப் படமெடுத்திருந்த கலைஞர் மார்க் வாலிங்கர், 2007இல் லண்டனின் டேட் பிரிட்டன் கலைக்கூடத்தில் அப்படியே மறுபடி செய்து வைத்தார். ஆனால், இப்போது நடக்கும் போராட்டத்தின் படத்தை உங்கள் கொலாஜில் ஒட்டும்போது முகங்களைக் கவனியுங்கள். வழக்கு நடக்கிற ஊரில் உங்கள் படைப்பே அடையாள அணிவகுப்பு ஆகிவிடலாம். பெயின்டோ துணியோ வைத்து மறையுங்கள்.

சரி, கைவேலைப் பக்கம். செய்தித்தாளை அப்படியே ஒட்டினால் அதிலுள்ள அமிலம் சீக்கிரமே மஞ்சளாக்கிவிடும். அமிலமற்ற தாளில் லேசர் நகல் எடுத்து ஒட்டுங்கள். இங்க்ஜெட் பிரின்ட் ஃபெவிகால் ஈரத்தில் கசியும். துருப்பிடித்த இரும்பைத் தேய்த்து வார்னிஷ் பூசாமல் துணிமேல் வைத்தால் கறை இறங்கும். கண்ணீர்ப்புகைக் குண்டின் கூட்டை வெறுங்கையால் எடுத்து வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள். ரசாயனம் மிச்சமிருக்கும், வெடிக்காததாகவும் இருக்கலாம்.