துப்பாக்கியின் மரக்கட்டைக்கு மழை தாங்கும் பூச்சு: முதன்முறை செய்பவர்களுக்கு

அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் காட்டை ஒட்டி விவசாயம் செய்கிறவர்கள் சிலரிடம் உரிமம் பெற்ற துப்பாக்கி இருக்கும். குழலுக்கு எண்ணெய் போடத் தவறாதவர்கள்கூட மரக்கட்டையைக் கண்டுகொள்வதில்லை. சித்திரை வெயிலில் காய்ந்து சுருங்கும் கட்டை, ஐப்பசி மழையில் ஈரம் குடித்து உப்புகிறது. ஆண்டுதோறும் இப்படி நடந்தால், இரும்பும் மரமும் சேரும் இடத்தில் விரிசல் விழுந்துவிடும்.

முதலில் பாதுகாப்பு. தோட்டா இல்லை என்பதை இரண்டு முறை பாருங்கள். கட்டையைக் கழற்றத் தெரியாவிட்டால், உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடையின் பழுதுபார்ப்பவரிடம் கழற்றித் தரச் சொல்லுங்கள். உரிமம் இல்லாத தச்சரிடம் துப்பாக்கியை விட்டுவிட்டு வரவே கூடாது.

எந்தப் பூச்சு?

காய்ச்சிய ஆளிவிதை எண்ணெய், கடையில் பாயில்ட் லின்சீட் ஆயில் என்று கேட்டால் கிடைக்கும். பூசுவது எளிது, பார்க்கவும் அழகு. ஆனால் அது மட்டும் இருந்தால் ஈரத்தை அதிகம் தடுக்காது. காய்ச்சாத பச்சை எண்ணெயை வாங்கிவிடாதீர்கள்; அது காய நாள் கணக்கில் ஆகும். அரக்குப் பாலிஷ் மின்னும், ஆனால் தண்ணீர் பட்டால் வெளுத்துவிடும். பாலியூரிதீன் வார்னிஷ் நீரை நன்றாகத் தடுக்கும். ஆனால் உன்னிப் புதரும் முள்ளும் கீறிய இடத்தை மட்டும் தனியே சரிசெய்வது கடினம்.

என் தேர்வு எண்ணெயும் பாலியூரிதீன் வார்னிஷும் கலந்தது. வெளிப்புறத்துக்கு அந்த வார்னிஷ், காய்ச்சிய ஆளிவிதை எண்ணெய், டர்பன்டைன் மூன்றும் சம அளவு. கீறல் விழுந்தால் அந்த இடத்தில் மட்டும் தேய்த்து மறுபடி தடவலாம். உள்பக்கம் யார் கண்ணுக்கும் தெரியாது என்பதால் அங்கே பாலியூரிதீனே போதும்.

கட்டையைத் தயார் செய்தல்

பழைய பூச்சை பெயின்ட் ரிமூவரால் எடுங்கள். கையுறை அவசியம். அழுந்திய பள்ளம் இருந்தால் உடனே உப்புத்தாளை எடுக்காதீர்கள். நனைத்துப் பிழிந்த துணியை அதன்மேல் வைத்து, சூடான இஸ்திரிப் பெட்டியின் நுனியால் சில விநாடி அழுத்துங்கள். நீராவி ஏறி நசுங்கிய இழை எழும்பும். இழை அறுந்துபோன வெட்டுக்காயம் மட்டும் இதற்கு மசியாது.

பிறகு 120, 220, 320 எண் என்று வரிசையாக உப்புத்தாள் போடுங்கள்; எண் கூடக்கூடத் தாள் மென்மையாகும். எப்போதும் இழை ஓடும் திசையில்தான் தேய்க்க வேண்டும். இரும்பைத் தொடும் விளிம்புகளில் கை வைக்காதீர்கள். அங்கே மரம் தேய்ந்தால் திரும்ப வராது. பிடிப்புக்காகச் செதுக்கிய கட்டங்களைப் பழைய பல்துலக்கியால் சுத்தம் செய்தால் போதும்.

ஈரத்துணியால் ஒருமுறை துடைத்துக் காயவிடுங்கள். சொரசொரவென்று மயிரிழைகள் நிமிர்ந்திருக்கும். அவற்றை 320 தாளால் மென்மையாக எடுங்கள். இதைத் தவிர்த்தால் முதல் மழையிலேயே கட்டை சொரசொரப்பாகும். தேக்கு என்றால் கடைசியில் தின்னர் துணியால் துடையுங்கள். அதன் இயற்கை எண்ணெய் பூச்சைப் பிடிக்க விடாது.

பூசுதல்

பலரும் பளபளப்பான பக்கத்தில்தான் நேரம் செலவிடுகிறார்கள். தண்ணீர் புகுவதோ வேறு வழியில். தோளில் படும் தகட்டைக் கழற்றிப் பாருங்கள்: அங்கே மரத்தின் குறுக்குவெட்டு முகம் பூச்சே இல்லாமல் வெளிறிக் கிடக்கும். ஈரத்தை மிக வேகமாக உறிஞ்சுவது அந்த முகம்தான். அங்கும், திருகாணித் துளைகளிலும், இரும்பு உட்காரும் பள்ளத்திலும் பாலியூரிதீனைப் பாதிக்குப் பாதி டர்பன்டைன் கலந்து, உறிஞ்சுவது நிற்கும்வரை சிறு தூரிகையால் ஊட்டுங்கள். பள்ளத்தில் தடிமனாகத் தேங்க விடாதீர்கள். இரும்பு சரியாக உட்காராது.

வெளிப்பக்கம் கலவையைத் துணியால் தாராளமாகத் தடவி, கால் மணி நேரம் கழித்து மேலே நிற்பதை முழுவதும் துடைத்துவிடுங்கள். துடைக்காமல் விட்டால் பிசுபிசுக்கும். ஒரு நாள் காயட்டும். மழைநாளில் இரண்டு நாள். 400 தாளால் லேசாக உரசி மறுபடி தடவுங்கள். நான்கைந்து கோட்டிங் வேண்டும்.

அந்தத் துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். ஆளிவிதை எண்ணெய் காயும்போது சூடு உண்டாகும். குவியலாகக் கிடக்கும் துணி தானாகவே தீப்பற்றும். தண்ணீரில் முக்கி வையுங்கள், அல்லது வெளியே விரித்து உலர்த்துங்கள்.

ஒரு வாரம் கழித்து ஒரு சொட்டு நீர் விட்டுப் பாருங்கள். முத்தாக நின்றால் கட்டையைத் துப்பாக்கியில் பூட்டலாம்; கீழே மரம் கறுத்தால் இன்னொரு கோட்டிங். தேர்தல் நேரத்தில் காவல் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டியிருந்தால், வேலையை அதற்கு முன்பே முடித்து நன்றாகக் காயவிடுங்கள்.

பூட்டிய பிறகு இரும்புக்கு எண்ணெய் அளவாகப் போதும். அதிகம் போட்டு நிறுத்தி வைத்தால் அது கீழே வழிந்து கட்டையின் கழுத்தில் ஊறி மரத்தைக் கறுக்கவும் மென்மையாக்கவும் செய்யும். எண்ணெய் போட்ட அன்று குழல் வாய் கீழ்நோக்கி இருக்கும்படி பழந்துணிமேல் சாய்த்து வையுங்கள்.