ஆடும் பேசினுக்கு எந்தப் பசை? முதலில் குனிந்து அடியில் பாருங்கள்

சிங்கப்பூரின் தோ பாயோவில் அம்மா வீட்டுக் குளியலறைப் பேசின் ஆடத் தொடங்கியபோது, பழுதுபார்க்க வந்தவர் சுவருக்கும் பேசினுக்கும் நடுவே வெள்ளை சிலிகானை வழிய வழியப் பூசிவிட்டுப் போனார். ஆட்டம் நின்றது. நான்கு மாதம் கழித்து ஒரு காலையில், முகம் கழுவிய அம்மா நிமிர்வதற்காக விளிம்பில் கையை ஊன்றினார். மேலே சிலிகான் பட்டை பிளந்தது. பேசின் இரண்டு விரற்கடை முன்னால் சாய்ந்தது. ஒரு பக்கத்துப் போல்ட்டு மட்டும் பிடித்துக்கொண்டதால் அது காலில் விழவில்லை. உடைந்த பீங்கான் எவ்வளவு ஆழமாக வெட்டும் என்று அறிந்தவர்களுக்கு அந்தக் கணம் புரியும்.

ஆகவே, எந்தப் பசை வாங்கலாம் என்று யார் கேட்டாலும், உங்கள் பேசினை இப்போது எது தாங்குகிறது என்றுதான் நான் திருப்பிக் கேட்கிறேன். சுவரில் தொங்கும் பேசினின் பாரத்தைத் தாங்க வேண்டியவை போல்ட்டுகள். சிலிகானின் வேலை இடுக்கில் தண்ணீர் இறங்காமல் அடைப்பது.

படி 1: பேசின் எந்த வகை?

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் அதிகம் காண்பது சுவரில் தொங்கும் பேசின். பின்புறம் இரண்டு போல்ட்டுகளில் மாட்டியிருக்கும், அல்லது இரும்புத் தாங்கியில் உட்கார்ந்திருக்கும். சில வீடுகளில் அடியில் பீங்கான் கால் இருக்கும்; அந்தக் கால் பெரும்பாலும் குழாயை மறைக்கத்தான், முழுப் பாரத்தையும் அதை நம்பி விட முடியாது. புதுப்பிப்பு வேலை செய்த வீடுகளில் மேடைமேல் கிண்ணம் போல உட்காரும் பேசினைப் பார்க்கலாம். மேடைக் கல்லுக்கு அடியில் ஒட்டித் தொங்கும் வகையும் உண்டு. இந்தக் கடைசி வகை கழன்றால், அடியில் முட்டுக்கொடுத்து வைத்துவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள். முதன்முறை செய்பவருக்கு உகந்த வேலை அல்ல.

புதிய வீவக வீட்டுச் சாவி வாங்கி ஓராண்டு ஆகவில்லையா? எதையும் தொடாதீர்கள். அந்த ஓராண்டுக்குள் தெரியவரும் கட்டுமானக் குறைகளைச் சரிசெய்து தருவது கட்டியவர் பொறுப்பு. நீங்களே பூசிய சிலிகான் அந்தக் குறையை மூடி மறைத்துவிடும்.

படி 2: எது ஆடுகிறது?

கைவிளக்கோடு குனிந்து பாருங்கள். ஒருவர் பேசினை மெல்ல மேலும் கீழும் அசைக்க, மற்றவர் போல்ட்டைக் கவனிப்பது நல்லது. நட்டு தளர்ந்திருந்தால் கையால் இறுகும்வரை திருகி, பிறகு ஸ்பேனரால் கால் சுற்று மட்டும் கொடுங்கள். நட்டுக்கும் பீங்கானுக்கும் நடுவே ரப்பர் அல்லது பிளாஸ்டிக் வாஷர் இருந்தே ஆக வேண்டும். இரும்பு நேரடியாக அழுத்தினால் பீங்கான் விரியும். பாதிப் பேர் வீட்டில் வேலை இந்த இடத்திலேயே முடிந்துவிடும் என்று துணிந்து சொல்வேன்.

நட்டைத் திருகும்போது போல்ட்டும் சேர்ந்து சுற்றினாலோ, போல்ட்டு சுவரிலிருந்து வெளியே வந்தாலோ, உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் பிளக் பிடிமானம் இழந்துவிட்டது. போல்ட்டுத் துளையைச் சுற்றிப் பேசினில் மயிரிழை விரிசல் தெரிந்தால், அதை ஒட்டிச் சரிசெய்ய நினைக்க வேண்டாம், பேசினை மாற்றுங்கள்.

பசை ஏன் போதாது என்பதற்கு ஒரு சிறு கணக்கு. முன்விளிம்பு சுவரிலிருந்து 45 செ.மீ. தள்ளி இருக்கிறது. போல்ட்டுக்கும், பேசினின் கீழ்ப்பகுதி சுவரை அழுத்தும் இடத்துக்கும் இடையே 15 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். விளிம்பில் 20 கிலோ அழுத்தம் விழுந்தால், போல்ட்டுகளை அது 60 கிலோ அளவுக்கு வெளியே இழுக்கும். பேசினின் சொந்த எடை தனி. முதியவர் கை ஊன்றுவதும், தொழுகைக்கு முன் ஒளு செய்பவர் காலைத் தூக்கிப் பேசினில் வைப்பதும் இந்த முன்விளிம்பில்தான். மெல்லிய சிலிகான் பட்டை இதைத் தினமும் தாங்காது.

படி 3: பிளக் கெட்டுப்போயிருந்தால்

தண்ணீரை அடையுங்கள். பேசினுக்கு அடியில் உள்ள சிறு வால்வு போதும். அது திரும்பவில்லை என்றால் வீட்டு வாசலுக்கு வெளியே மீட்டர் அருகே இருக்கும் வால்வை மூடுங்கள். கழிவுக்குழாயைக் கழற்றும் முன் வாளி வையுங்கள். பேசினை இறக்க இருவர் வேண்டும். பழைய குழாயைக் கழற்றி மீண்டும் அதே இடத்தில் மாட்டுவது வேறு. சுவருக்குள் போகும் குழாயின் இடத்தை மாற்றுவது வேறு. இரண்டாவதற்கு உரிமம் பெற்ற குழாய்ப் பணியாளர்தான் வர வேண்டும்.

பாரத்தை உண்மையாகவே தாங்கும் பசை ஒன்று உண்டு என்றால், அது போல்ட்டைச் சுவருக்குள் பதிக்கும் ரசாயனப் பிசின். இரண்டு கலவைகள் முனையில் கலந்து வெளிவரும். துளையைத் தூரிகையால் தேய்த்து, தூசியை ஊதி வெளியேற்றி, மறுபடி தேய்த்து, மறுபடி ஊதுங்கள். தூசிமேல் பிசின் ஒட்டாது. சுவர் உள்ளே கூடாக இருந்தால், முதலில் சல்லடைக் குழல் ஒன்றைச் செருகிய பிறகே பிசினை விடுங்கள். இல்லையென்றால் அத்தனையும் கூட்டுக்குள் கொட்டிப்போகும். நம் ஊர் வெப்பத்தில் இது வேகமாக இறுகும் என்பதால், போல்ட்டைத் தயாராகக் கையில் வைத்துக்கொண்டு தொடங்குங்கள். உறையில் போட்டிருக்கும் நேரம் முடியும்வரை நட்டை இறுக்காதீர்கள். புதுத் துளை போட வேண்டியிருந்தால், ஞாயிறும் பொது விடுமுறையும் வேண்டாம்.

படி 4: இப்போது சீலண்ட் (இடுக்கை அடைக்கும் பசை)

ஜாலான் புசார் பக்கம் குளியலறைப் பொருள் விற்கும் கடைகள் நிறைய. அடுக்கில் பத்து வகை நிற்கும். உறையில் மூன்று விஷயங்களைத் தேடுங்கள்: நடுநிலை வகை (இறுகும்போது அமிலம் வெளியிடாத) சிலிகான், குளியலறைக்கு உரியது, காலாவதித் தேதி. குளியலறை வகையில் பூஞ்சணத் தடுப்பு மருந்து கலந்திருக்கும். இந்த ஈரக் காற்றில் அது இல்லாத சிலிகான் சீக்கிரமே கறுத்துப்போகும்.

வினிகர் வாடை அடிக்கும் சிலிகான் விலை மலிவு. பீங்கானிலும் கண்ணாடியிலும் நன்றாகவே ஒட்டும். ஆனால் இறுகும்போது அசிட்டிக் அமிலத்தை வெளியிடுவதால் இரும்பு அரிக்கும், சிமெண்டும் பளிங்கும் கெடும். மேடை கல்லாக இருந்தால், கல்லில் கறை படியாது என்று குறிப்பிட்ட நடுநிலை வகையையே வாங்குங்கள். சாதாரண சிலிகானின் எண்ணெய் கல்லுக்குள் ஊறி விளிம்பைச் சுற்றி இருண்ட வளையம் விடும்.

கிண்ண வகைப் பேசினுக்கு எம்எஸ் பாலிமர் என்ற, வளைந்து கொடுத்தே உறுதியாக ஒட்டும் பசை வகை என் தேர்வு. பாரத்தை மேடை தாங்குவதால், பசை நகராமல் பிடித்தால் போதும். ஒன்று மட்டும் யோசித்துக்கொள்ளுங்கள்: பிறகு கழற்ற வேண்டுமானால் அறுத்துத்தான் எடுக்க வேண்டும்.

வெள்ளை சிமெண்ட் அசைவைத் தாங்காமல் விரிசல் விடும். எப்பாக்சியும் வளைந்து கொடுக்காது. உடனடிப் பசை இடுக்கை நிரப்பாது. தண்ணீர் அடிப்படையிலான கட்டுமானப் பசையில் பலர் ஏமாறுகிறார்கள்: அது காய வேண்டுமானால் உள்ளே இருக்கும் ஈரம் வெளியேற வேண்டும். பீங்கானுக்கும் சுவர் ஓட்டுக்கும் நடுவே மாட்டிக்கொண்டால் ஈரத்துக்கு வழியே இல்லை. வாரக்கணக்கில் ஈரக் களிம்பாகவே கிடக்கும்.

படி 5: பூசுவது

பழைய சிலிகானை முழுவதும் சுரண்டி எடுங்கள். இறுகிய சிலிகான்மேல் புதியது சரியாக ஒட்டாது. இந்த ஒரு படியில் சோம்பினால் மற்றதெல்லாம் வீண். ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து, மின்விசிறி வைத்து ஓர் இரவு காயவிடுங்கள்.

பேசினை மாட்டி, ரசமட்டம் வைத்துப் பார்த்து, நட்டை இறுக்குங்கள். இடுக்கின் இரு பக்கமும் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். முனையைச் சரிவாக, ஐந்து மில்லிமீட்டர் வாய் வரும்படி வெட்டி, ஒரே ஓட்டமாகப் பூசுங்கள். பாத்திரம் கழுவும் திரவம் கலந்த நீரில் விரலை நனைத்து ஒருமுறை இழுத்துவிட்டு, உடனே டேப்பை உரியுங்கள். பத்து, இருபது நிமிடத்தில் மேலே ஏடு படிந்துவிடும். அதற்குப் பிறகு தொட்டால் கோலம் கலைந்ததுபோல் ஆகிவிடும்.

மேற்புறமும் இரு பக்கமும் மட்டும் அடையுங்கள். கீழ்ப்புறத்தை நான் திறந்தே விடுவேன். பின்னால் எங்காவது கசிந்தால் தண்ணீர் அந்த வழியாக வெளியே வந்து தெரிய வேண்டும், சுவருக்குள் தங்கக்கூடாது.

சிலிகான் ஒரு நாளில் சுமார் 2 முதல் 3 மில்லிமீட்டர் ஆழம்தான் இறுகும். மேலே உலர்ந்ததாகத் தோன்றினாலும் 24 மணி நேரம் பேசினைத் தொட வேண்டாம். தடித்துப் பூசியிருந்தால் இரண்டு நாள் விடுங்கள். அந்த நேரம் முடிந்த பிறகு பேசினை நிரப்பி, அடியில் செய்தித்தாள் விரித்து, தண்ணீரைத் திறந்துவிடுங்கள். தாளில் ஒரு சொட்டு விழுந்தாலும் கழிவுக்குழாயின் வளையத்தை மறுபடி இறுக்க வேண்டும்.

வீட்டில் 65 வயது நிரம்பிய சிங்கப்பூரர் இருந்தால், வீவகவின் ‘ஈஸ்’ திட்டத்தின்கீழ்க் குளியலறைக் கைப்பிடிக்கம்பிக்கு விண்ணப்பியுங்கள். செலவில் பெரும்பகுதியை அரசாங்கம் ஏற்கிறது. அம்மா வீட்டில் கம்பி பொருத்திய பிறகு அவர் கை தானாகவே அங்கே போகப் பழகிவிட்டது. பேசினில் இப்போது முகம் மட்டும்தான் கழுவுகிறார்.