வளர்ப்புப் பராமரிப்பில் இருக்கும் பிள்ளைக்காகப் பேச: குமரி மாவட்டத்தில் எங்கிருந்து தொடங்குவது?

சொந்த வீட்டில் இருக்க முடியாமல் வேறொரு குடும்பத்தில் வளரும் பிள்ளைகளுக்காகப் பேச, அமெரிக்காவில் நீதிமன்றமே தன்னார்வலரை நியமிக்கும். 1977இல் சியாட்டிலில் ஆரம்பித்த ஏற்பாடு அது. நம்மூரில் அந்தப் பதவி கிடையாது. 2015ஆம் ஆண்டுச் சிறார் நீதிச் சட்டப்படி முடிவெடுப்பது குழந்தைகள் நலக்குழு. களவேலை மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுடையது. நாம் அவர்களுக்குத் துணை.

1. நாகர்கோவிலில் அலகுக்கு நேரிலேயே போய், துணைக்கு வர விருப்பம் என்று எழுதிக் கொடுங்கள். மெயிலை நம்ப வேண்டாம். மலையாளம் தெரியும், விளவங்கோடு பக்கம் போக முடியும் என்றால் முதல் வரியிலேயே போடுங்கள்.

2. போலீஸ் சரிபார்ப்பு. ஆதாரில் தக்கலை, குடியிருப்பது மார்த்தாண்டம் என்றால் இழுத்தடிக்கும். முகவரியை முதலில் மாற்றிவிடுங்கள்.

3. பிள்ளையைப் பார்க்க வளர்ப்பு வீட்டுக்குப் போகும்போது போனைப் பையிலேயே வையுங்கள். நாற்பது பக்க நோட்டு போதும். பிள்ளையின் பெயர், படம், பள்ளிக்கூடம் எதுவும் வெளியே போகக் கூடாது. மீறினால் அதே சட்டத்தின் 74ஆம் பிரிவில் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 2 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். குடும்ப வாட்ஸ்அப் குரூப்பும் ‘வெளியே’தான்.

4. குறிப்பு எழுதுவது. எல்லாரும் தடுமாறும் இடம் இதுதான். ‘பையன் சோர்வாக இருக்கிறான்’ என்று எழுதினால் நலக்குழு என்ன செய்யும்? ‘கிழங்கும் மீன்குழம்பும் வைத்தார்கள், இரண்டு வாய்தான் தின்றான். “சாரே, தங்கச்சிய எப்ப பாக்க விடுவீங்க?” என்று கேட்டான்’ என்று எழுதுங்கள். பார்த்தது, கேட்டது மட்டும். பிள்ளை சொன்னது பிள்ளையின் வார்த்தையிலேயே. கூடியவரை உடன்பிறந்தவர்களைப் பிரிக்கக் கூடாது என்பது சட்டத்திலேயே இருப்பதால் அந்த ஒரு வரிக்கு எடை உண்டு. அவனிடம் மட்டும் ‘சீக்கிரம் பாத்திரலாம் மக்களே’ என்று வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். அது நம் கையில் இல்லை.

அப்புறம், மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா என்ற குழந்தைகள் நலத் திட்டத்தில் பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய் உண்டு. கணக்கில் ஏறுகிறதா என்று வளர்ப்பு அம்மாவிடம் கேளுங்கள். முறைத்துக் கேட்காமல் சாயா குடித்துக்கொண்டே கேட்டால் அவரே பாஸ்புக்கை எடுத்து வருவார்.

பின்சேர்க்கை: களியக்காவிளையிலிருந்து ஒருவர் கேட்டிருந்தார், ‘பிள்ளையின் சொந்த வீடு பாறசாலை என்றால்?’ கேரளத்தில் அது திருவனந்தபுரம் மாவட்டம். பிள்ளையை அங்குள்ள நலக்குழுவுக்கு மாற்றச் சட்டத்தில் வழி இருக்கிறது. ஆனால் நீங்களாகவே அந்த வீட்டுக்குப் போய் விசாரிக்காதீர்கள். கேள்விப்பட்டதை எழுதி இங்குள்ள அலகிடம் கொடுங்கள், தேதி போட்டு. அவசரம் என்றால் குழந்தைகள் உதவி எண் 1098.