குடிமக்கள் விவகாரப் பிரிவின் பகுப்பாய்வாளரைப் போல ஓர் ஊரைப் படிப்பது எப்படி?

அமெரிக்க ராணுவத்தில் பொதுமக்களோடும் உள்ளூர் நிர்வாகத்தோடும் தொடர்பு பேணும் குடிமக்கள் விவகாரப் பிரிவுகளுக்குத் துணைநிற்கும் தகவல் பகுப்பாய்வாளர், பகைவரை மட்டுமன்றி, பகுதி, கட்டமைப்பு, திறன், அமைப்பு, மக்கள், நிகழ்வு என்னும் ஆறு தலைப்புகளில் ஓர் ஊரையே படிக்கிறார். கிருஷ்ணகிரி மாவட்டத்து ஊத்தங்கரையை எடுத்துப் பழகுங்கள். 2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயலால் சுமார் 50 செ.மீ. மழை கொட்டி, ஏரி நிரம்பி, சாலையோரம் நின்ற வேன்களை வெள்ளம் இழுத்துச் சென்ற இடத்தை முதலில் வரைபடத்தில் குறியுங்கள். பிறகு ஏரியின் கலங்கல் (மிகுநீர் வெளியேறும் வழி) எங்கே, மாற்றுப் பாதை எது என்று கிராம நிர்வாக அலுவலரிடமும், கரையோரம் குடியிருப்பவர்களிடமும் வெளிப்படையாகக் கேளுங்கள். ஒற்றர் என்று ஊரார் ஐயுற்றால் யாரும் வாய் திறக்கமாட்டார்கள், அதனால் வெளிப்படையாகக் கேட்பதே மிக முக்கியமான படி என்பேன். கண்டதையும் கேட்டதையும் ஒரே பத்தியில் கலக்காமல், ஒவ்வொரு குறிப்பின் ஓரத்திலும் தேதியையும் சொன்னவரின் பொறுப்பையும் எழுதிவையுங்கள்.